அன்னம்மாள் சந்நிதியில் யார் அந்நியர்?

தலவில அர்ச்சிஷ்ட அன்னம்மாள் ஆலயத்துக்குத் திருவிழாக் காலத்தில் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கடற்கரை மணலில் கூடாரம் அடித்து, சிங்களக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் அடுப்பு மூட்டும். கத்தோலிக்கர் மட்டுமல்ல, பௌத்தரும் இந்துக்களும் நேர்த்தி வைத்து வருவார்கள். அடுத்த கூடாரத்தில் உப்புக் கேட்பதற்கு எவரும் ஞானஸ்நானச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை.

கொடி இறங்கி, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு நாம் எப்படி இருக்கிறோம்? அதைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

நம் நாட்டுக் கத்தோலிக்கரும் ஒரு காலத்தில் துரத்தப்பட்டவர்கள்தான். துரத்தியவர்கள் வேறு மதத்தவர் அல்லர், கிறிஸ்தவர்களே. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், ஆலயங்களைத் தமதாக்கினார்கள். தலவிலவுக்கு வடக்கே கற்பிட்டியில் நிற்கும் கோட்டையும் அவர்கள் கட்டியதே. ஒரே சுவிசேஷத்தை வாசித்தவர்கள்தான் இப்படி நடந்துகொண்டார்கள்.

1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகளாருக்குப் புகலிடம் தந்தது எது? பௌத்த மன்னனின் கண்டி இராச்சியம். முதலில் உளவாளி என்று சந்தேகித்துச் சிறை வைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பின்னர் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சுதந்திரமாகப் பணிசெய்ய விட்டான். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளை அடிகளார் தேடிப்போய்க் கழுவி, உணவூட்டிப் பராமரித்தார். நோயாளி எந்த வேதம் என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். நாம் வெடி கொளுத்திக் கொண்டாடினோம். அந்தக் கழுவிய கைகளை எவ்வளவு நேரம் நினைத்தோம்?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். வயலும் குளமும் மாடுகளும் இருந்தவர்கள் கிடுகுக் குடிசைக்குள் ஒடுங்கி, பிறர் தோட்டத்தில் மிளகாய் பறிக்க நாட்கூலிக்குப் போனார்கள். வந்தவர்களை முதலில் சோறு கொடுத்து ஏற்றுக்கொண்ட ஊர்களிலேயே, காலம் செல்லச் செல்ல, கிணற்றடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் ‘வந்தான் வரத்தான்’ என்ற பேச்சு எழுந்தது. இடம்பெயர்ந்த எந்தக் குடும்பத்துக்கும், அது எந்த மதமானாலும், இந்தச் சொல் எப்படிச் சுடும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதே வாய்தான் நாமும் இன்னொருவரை அப்படிச் சொல்கிறது என்பதுதான் கஷ்டம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அந்தத் துக்கத்தை எவரும் குறைத்துப் பேச முடியாது. கர்தினால் மல்கம் ரஞ்சித் முஸ்லிம்கள்மீது கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆயினும் நீர்கொழும்பில் தங்கியிருந்த பாகிஸ்தான் அகதிகள் வாடகை வீடுகளைவிட்டு ஓட நேர்ந்தது. அவர்களுள் தம் நாட்டில் துன்புறுத்தப்பட்டுத் தப்பி வந்த அஹ்மதியரும் இருந்தார்கள், கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மே 13இல் வடமேல் மாகாணத்தில் வன்முறை மூண்டது. நமது புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார்.

அச்சம் வந்தால் விசுவாசிக்கும் கண் மறைக்கும். இராயப்பரையே பாருங்கள். புறவினத்தானான கொர்னேலியுவின் வீட்டுக்குள் போக அவருக்கு ஒரு தரிசனமே தேவைப்பட்டது. போனார், ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார், அங்கே உண்டதற்காக யெருசலேமில் ஏச்சும் வாங்கினார். பின்னர் அந்தியோக்கியாவில், யாக்கோபுவின் ஆட்கள் வந்ததும், அதே இராயப்பர் புறவினத்தாரின் பந்தியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். தலைமை அப்போஸ்தலரின் இந்தச் சறுக்கலைத் திருச்சபை மறைக்கவில்லை. கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் இன்றும் இருக்கிறது. இன்றிரவு வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.