தவணை உண்டு, தள்ளுபடி இல்லை

திவால் என்ற சொல் நம் செவிகளில் இழிவாகவே ஒலிக்கிறது. கடையை மூடிவிட்டுக் கடன் தந்தவர்களிடம் கையை விரித்தவர் என்ற பொருளிலேயே அதனை நாம் வழங்கி வருகிறோம். அமெரிக்காவில் அச்சொல்லுக்கு மற்றொரு பயனும் உண்டு. மாத வருமானம் உள்ள ஒருவர், தம் வீடு ஏலத்திற்குப் போகாமல் காத்துக்கொள்வதற்காகவே அங்கே திவால் நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவதுண்டு. அந்தக் கதவு எதுவரை திறக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இங்கே காண்போம்.

1978ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அமெரிக்கத் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயம், நிலையான வருமானம் உடைய தனிநபர்களுக்கு உரியது. மனு பதிவான அக்கணமே, கடன் வசூல் நடவடிக்கைகளுக்குச் சட்டப்படி தடை ஏற்படுகிறது. மறுநாள் நடக்கவிருந்த வீட்டு ஏலமும் பொதுவாக நின்றுவிடும். ஆயின் ஏலம் சட்டப்படி நடந்து முடிந்த பின்னர் மனுச் செய்வதால் பயனில்லை. ஓராண்டிற்குள் ஒரு மனு தள்ளுபடியாகி மீண்டும் வருபவருக்கு, நீதிமன்றம் நீட்டித்தாலன்றி, இத்தடை 30 நாட்களே நிற்கும்.

தடை என்பது மூச்சுவிடும் அவகாசம் மட்டுமே. அதன் பின்னர் மனுதாரர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கான திட்டம் ஒன்றை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு 18,000 டாலர் தவணைப் பாக்கி இருப்பதாகக் கொள்வோம். அதனை 60 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 300 டாலர் ஆகிறது. இதனுடன் வழக்கமான மாதத் தவணையையும், திட்டத்தை நடத்தும் பொறுப்பாளருக்கான கட்டணத்தையும் அவர் தவறாது செலுத்த வேண்டும். முழுப் பாக்கியையும் உடனே கட்டு என்று வங்கி அவரை நெருக்க முடியாது.

அப்படியானால் கடனையே குறைக்க முடியுமா? வட்டி விகிதத்தைத் தாழ்த்தவோ, வீட்டின் இன்றைய மதிப்பளவுக்கு அசலைச் சுருக்கவோ நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டா? கடன் பெற்றவர் தாம் குடியிருக்கும் வீட்டை மட்டுமே ஈடாக வைத்திருந்தால், இல்லை என்பதே சட்டத்தின் விடை. விடுமுறைக் காலத்திற்கென வாங்கிய இரண்டாவது வீட்டின் கடனையும், வாடகைக்கு விட்ட வீட்டின் கடனையும் திருத்தி அமைக்க வழி உண்டு. விவசாயக் குடும்பங்களுக்கென 1986இல் உருவான 12ஆம் அத்தியாயத்திலும் இந்தத் தடை இல்லை. மனிதன் தலைசாய்க்கும் ஒரே கூரைக்குத்தான் இந்த விலக்கு!

1993இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. டெக்சஸ் மாநிலத் தம்பதியர் ஒருவர் செலுத்த வேண்டிய கடன் 71,335 டாலர். அவர்கள் வீட்டின் மதிப்போ 23,500 டாலர். மதிப்புக்கு மேற்பட்ட தொகையைச் சாதாரணக் கடனாகக் கருத வேண்டும் என்ற அவர்களின் வாதத்தை நீதிபதிகள் ஒருமனதாக நிராகரித்தனர். வீட்டுக் கடன் சந்தைக்கு முதலீடு தடையின்றி வர வேண்டும் என்பதே இச்சலுகையின் நோக்கம் என்று ஒரு நீதிபதி தம் தனிக் குறிப்பில் சுட்டினார்.

2008இன் நிதி நெருக்கடியில் வீடுகளின் மதிப்பு சரிந்தபோது இவ்வினா மீண்டும் எழுந்தது. நீதிபதிகளுக்குக் கடனைத் திருத்தும் அதிகாரம் அளிக்கும் மசோதா 2009 மார்ச் மாதம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஏப்ரல் 30 அன்று செனட் சபையில் அதே நோக்குடைய திருத்தம் 45க்கு 51 என்ற வாக்குகளில் வீழ்ந்தது. கடன் வழங்குவோருக்கு இழப்பு நேர்ந்தால், அடுத்து வீடு வாங்குவோருக்கு வட்டி உயரும் என்பது எதிர்த்தோரின் வாதம். ஏலத்தில் விற்றாலும் வங்கிக்கு அதே மதிப்புதானே கிடைக்கும் என்பது ஆதரித்தோரின் வாதம்.

சிறு வாசல்கள் சில எஞ்சியுள்ளன. ஒரே வீட்டின் மீது இரண்டாவது கடனும் இருந்து, முதற்கடனுக்கே வீட்டின் மதிப்பு போதாதெனில், அந்த இரண்டாம் கடனை ஈடற்ற கடனாக மாற்றப் பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இசைகின்றன. திட்டக் காலத்திற்குள் இறுதித் தவணை வந்துவிடும் கடனுக்கும் விலக்கு உண்டு. மேலும், வங்கியையும் கடனாளியையும் பேச்சுவார்த்தைக்கு அமர்த்தும் முறையை, 2009 முதல் நியூயார்க்கின் தென் மாவட்டம் போன்ற திவால் நீதிமன்றங்கள் கைக்கொண்டன. அங்கே வட்டி குறையலாம், தவணைக் காலம் நீளலாம். ஆனால் வங்கி மனம் இசைந்தால் மட்டுமே அது நடக்கும்.

இடரில் உள்ள கடனாளிக்குக் காலம் தருவது ஒன்று. கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது வேறொன்று. முன்னதைக் கடனாளியின் உரிமையாக்கிய அமெரிக்கச் சட்டம், பின்னதை வங்கியின் விருப்பத்திற்கே விட்டிருக்கிறது. எனவே வேலை இழந்து மீண்டும் வருமானம் பெற்றவரை இச்சட்டம் காக்கிறது. வருமானம் நிலையாகவே குறைந்துவிட்டவருக்கோ, நீதிமன்றம் தரும் காலம் வீட்டைப் பிரியும் நாளைத் தள்ளிப்போடுவதாகவே பெரும்பாலும் முடிகிறது.