குலுக்கலில் விழும் வீடு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் நகரை ஒட்டி இருக்கிறது நோட்டர் டேம் பல்கலைக்கழகம். அங்கே இளங்கலையில் சேரும் மாணவருக்கு வகுப்பு தொடங்கும் முன்பே ஒரு தகவல் வந்துவிடும்: எந்த ஹாலில், அதாவது விடுதியில், தங்க வேண்டும், அறைத்தோழர் யார் என்று. இரண்டையும் கேட்டு வாங்க முடியாது. பல்கலைக்கழகமே குலுக்கிப் போட்டு எடுத்துக் கொடுக்கிறது. அப்படி விழுந்த ஹாலிலேயே பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். வேறு பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு முடிந்ததும் மாணவர்கள் வெளியே வாடகை வீடு தேடிப் போவார்கள். இங்கே பதினெட்டு வயதுப் பையனும் இருபத்திரண்டு வயதுப் பையனும் ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்து அறைகளில்.

நமக்கு விடுதி என்றால் வார்டன், மெஸ், இரவு வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வரும். நோட்டர் டேமின் ஹால் கிட்டத்தட்ட ஒரு சின்ன ஊர். ஒவ்வொன்றுக்கும் தனிச் சின்னம் உண்டு. சோரின் ஹாலுக்கு நீர்நாய், அலம்னை ஹாலுக்கு நாய். ஹால்களுக்கு இடையே கால்பந்துப் போட்டி நடக்கும். அவர்கள் கால்பந்து என்பது தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டம். ஃபிஷர் ஹால்காரர்கள் ஏரியில் கையால் செய்த மிதவைகளை விட்டுப் பந்தயம் நடத்துகிறார்கள். கீனன் ஹால்காரர்கள் ஆண்டுதோறும் மேடையேறி எல்லோரையும் நையாண்டி செய்கிறார்கள். ஸீக்ஃப்ரீட் ஹால் பையன்கள் கடும் பனிக்காலத்தில் ஒரு நாள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகத் திரிந்து, வீடற்றோர் இல்லத்துக்காக உண்டியல் குலுக்குகிறார்கள்.

எல்லா ஹாலிலும் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ஞாயிறு இரவுத் திருப்பலிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தால் போதும். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர் என்பதால் கூட்டத்துக்குக் குறையிருக்காது.

இதற்கெல்லாம் வேர் பழையது. பிரான்சிலிருந்து வந்த திருச்சிலுவைச் சபைக் குரு எட்வர்ட் சோரின் 1842-இல் பனி மூடிய ஏரிக்கரையில் இந்தக் கல்விக்கூடத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28. படிப்பு, சாப்பாடு, தூக்கம், வழிபாடு எல்லாம் ஒரே வளாகத்தில் என்பது குருமடத்து வழக்கம். அதையே மாணவர்களுக்கும் விதித்தார். 1879-இல் பிரதான கட்டடம் எரிந்து சாம்பலானது. அதே ஆண்டில் மறுபடி எழுப்பிவிட்டார்கள். பத்தாண்டு கழித்து, 1889-இல், மாணவருக்குத் தனித்தனி அறை கொண்ட சோரின் ஹால் திறந்தது. வரிசைக் கட்டிலில் பொதுக்கூடத்தில் படுத்தவனுக்குத் தனிக் கதவு கிடைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய சலுகை. ஆனாலும் கண்டிப்பு தளரவில்லை. 1960-களின் தொடக்கம் வரை இரவில் நேரம் வந்ததும் அறைகளின் மின்சாரத்தையே நிறுத்திவிடுவார்கள். படிக்கிறவனுக்கும் இருட்டுதான்!

ஹாலை நடத்துபவர் ரெக்டர். மாணவர்களோடு அதே கட்டடத்தில் குடியிருப்பார். ஒரு காலத்தில் குருக்கள் மட்டுமே வகித்த பொறுப்பு. இன்று அருட்சகோதரிகளும் பொதுநிலையினரும் வகிக்கிறார்கள். 35 ஆண்டுகள் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த தியடோர் ஹெஸ்பர்க் இளம் குருவாக ஃபார்லி ஹாலில் ரெக்டராக இருந்தவர். அவருக்குப் பின் 1987-இல் தலைவரான எட்வர்ட் மலாய் ஒரு படி மேலே போனார். தலைவர் பதவியில் இருந்த 18 ஆண்டுகளும் சோரின் ஹாலில், மாணவர்களுக்கு நடுவேதான் குடியிருந்தார். நம் துணைவேந்தர்களின் பங்களா வாசலில் நிற்கும் காவலரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும்.

என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டில் ஆலயத்தைவிடவும் ரெக்டரைவிடவும் பெரிய விஷயம் அந்தக் குலுக்கல்தான். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி என்று சங்கங்கள் உண்டு. தங்களைப் போன்றவர்களையே தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டு, ஒரே வீட்டில் குடியிருப்பார்கள். பணமும் குடும்பப் பின்னணியும் அங்கே பேசும். நோட்டர் டேமில் அவற்றுக்கு இடமே இல்லை. சிகாகோ வழக்கறிஞரின் மகனும், நிதியுதவியில் வந்த விவசாயி மகனும் ஒரே அறையில் குறட்டை விடலாம். தானாகத் தேர்ந்திருந்தால் அவர்கள் ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இனி முள் இருக்கும் பக்கம். ஹால்கள் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. இளங்கலையில் பெண்களைச் சேர்த்ததே 1972-இல்தான். பேடின், வால்ஷ் ஹால்களிலிருந்த ஆண்களை வெளியேற்றிப் பெண்களுக்கு இடம் கொடுத்தார்கள். எதிர்பாலினத்தவர் அறையில் இருக்க நேரக்கெடு உண்டு: வாரநாட்களில் நள்ளிரவு, வெள்ளி, சனி இரவுகளில் 2 மணி. பரைட்டல்ஸ் என்று சொல்லும் இந்த விதியை மீறினால் விசாரணை உண்டு. திருமண உறவு பற்றிய திருச்சபைப் போதனைதான் இதற்கு அடிப்படை என்பதைப் பல்கலைக்கழகம் மறைப்பதில்லை. ஆண், பெண் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத மாணவருக்கு இந்த ஏற்பாட்டில் பதில் எளிதாக இல்லை.

அடுத்தது கட்டாயம். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் வெளியே குடிபோவது கூடிக்கொண்டே வந்ததால், 2018-இல் சேர்ந்தவர்கள் தொடங்கி ஆறு பருவங்கள் வளாகத்திலேயே தங்கியாக வேண்டும் என்று நிர்வாகம் விதி செய்தது. 2019-இல், வெளியே குடிபோகும் மாணவர்களுக்குத் தங்கள் பழைய ஹாலின் நிகழ்ச்சிகளில் இடம் குறையும் என்ற அறிவிப்பு வந்ததும், மாணவர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று ஆண்டு அண்ணன் தம்பியாக இருந்தவனை, முகவரி மாறியதற்காக ஆட்டத்திலிருந்து தள்ளி வைப்பது என்ன குடும்பம்?

ஹால் பாசம் எல்லை மீறுவதும் உண்டு. ஸாம் ஹாலின் போக்கைத் திருத்தப் பல முறை முயன்றும் பலனில்லை என்று சொல்லி, 2021-இல் அந்த ஹாலின் மாணவர் சமூகத்தையே நிர்வாகம் கலைத்துவிட்டது. கட்டடம் நின்றது, அங்கிருந்தவர்கள் வேறு ஹால்களுக்குச் சிதறினார்கள். ஒரு சிலரின் தவறுக்கு மொத்தத் தெருவையும் காலி செய்வது ரெக்டர் முறையின் தோல்வியே தவிர வெற்றி அல்ல.

முதலாண்டில் குலுக்கலும் கண்டிப்பும் இருக்கட்டும். வாக்குரிமை உள்ள இருபது வயதுக்காரருக்கு, எங்கே தூங்குவது என்று தீர்மானிக்கும் உரிமையையும் தரலாம். பிள்ளையை அங்கே அனுப்ப நினைக்கும் பெற்றோர், பிரதான கட்டடத்தின் தங்கக் குவிமாடப் படத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், ‘டு லாக்’ என்ற மாணவர் விதிநூலையும் பிள்ளையோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே.