மலையேறி வரும் இளவேனில்

நீலகிரியில் இளவேனில் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று தமிழ் மரபு வகுத்தது சமவெளிக்குச் சரி. 2,000 மீட்டருக்கு மேல் வாழ்பவர்களுக்கு அந்தப் பருவம் மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. உறைபனி விலகும் நாள் அதன் முதல் வாசல். கோடை மழையின் முதல் துளி இரண்டாவது வாசல். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு முகடுகளில் மோதும்போது அது முடிகிறது. ஏறக்குறைய பிப்ரவரி நடுவிலிருந்து மே இறுதி வரையிலான இந்த மூன்றரை மாதத்தில்தான் மலை மிக அதிகமாகப் பூக்கிறது, பாடுகிறது, குட்டி வளர்க்கிறது.

குளிர்நாடுகளில் பகல் நீள்வதே மரங்களுக்கும் பறவைகளுக்கும் வசந்தத்தின் அறிவிப்பு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கும் உதகமண்டலத்தில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதனால் இங்கே பருவத்தை அதிகம் தீர்மானிப்பவை இரவின் குளிரும் மண்ணின் ஈரமும். கூடவே உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஆறு டிகிரி செல்சியஸுக்கு மேல் குறையும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டரில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டரில். இரண்டுக்கும் இடையே சாலையில் ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் பன்னிரண்டு டிகிரி வேறுபாடு. அடிவாரத்தில் இலவமும் புரசும் இலை உதிர்த்துச் செக்கச்செவேலென்று நிற்கும் அதே வாரத்தில், மேலே புல்வெளியில் விடியற்காலை வெள்ளைப் படலம் கிடக்கும்.

உறைபனி என்பதைச் சுற்றுலா வருபவர்கள் படம் பிடிக்கும் காட்சியாகப் பார்க்கிறார்கள். மலைக்காரர்களுக்கு அது கருகிய தேயிலை. ஆனால் இந்த நிலத்தின் தோற்றத்துக்கே அந்தப் பனி ஒரு காரணம். நீலகிரி, பழனி, ஆனைமலை முகடுகளில் காடும் புல்வெளியும் கலந்தே இருக்கின்றன. மடிப்புகளில், ஓடைக்கரைகளில் அடர்ந்த சோலை. அதைச் சுற்றி அலையலையாகப் புல். சோலை மரத்தின் விதை திறந்த வெளியில் முளைத்தால் உறைபனி அதைக் கொன்றுவிடும். புல்லோ மேலே கருகினாலும் வேரில் உயிரோடு இருக்கும். அதனால்தான் காட்டுக்கும் புல்லுக்கும் இடையே கத்தியால் வெட்டியதுபோல் எல்லை தெரிகிறது. பனிக்காலம் முடியும்போது புல்வெளி வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதைப் பாழ்நிலம் என்று நினைப்பது பெரிய தவறு. அந்தப் புல்லின் அடியில் மழைநீரைத் தேக்கி வைக்கும் சதுப்புகள் இருக்கின்றன. கோடையில் ஓடைகள் வற்றாமல் இருப்பது அவற்றால்தான்.

வைக்கோல் நிறத்தின் நடுவே முதலில் எரியும் சிவப்பு காட்டுப்பூவரசு. ரோடோடெண்ட்ரான் என்று தாவரவியல் சொல்லும் மரம் இதுவே. இது மட்டும் இளவேனிலுக்காகக் காத்திருப்பதில்லை. தை மாதக் கடுங்குளிரிலேயே சில மரங்கள் பூக்கத் தொடங்கி, பங்குனி வரை கொத்துக்கொத்தாகப் பூக்கும். முறுக்கிய கிளைகள், தடித்த பட்டை, தோல் போன்ற இலை என்று பனிக்கும் காற்றுக்கும் புல் தீக்கும் ஈடுகொடுக்கும் உடம்பு அதற்கு. இந்த மரத்தின் பிறப்புக் கதை இன்னும் வியப்பானது. இதே இனம் இமயமலையில் காடு காடாக நிற்கிறது. உத்தராகண்டின் மாநில மரமும் அதுதான். தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முகடுகளில் இருக்கிறது. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் அதன் உடன்பிறப்பு உண்டு. இமயத்துக்கும் இந்தத் தென்முகடுகளுக்கும் இடையில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தூரத்துக்கு எங்கும் இல்லை. பூமி மிகக் குளிர்ந்திருந்த காலங்களில் தெற்கே பரவி, வெப்பம் திரும்பியபோது உயர்ந்த முகடுகளில் மட்டும் தங்கிவிட்டது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். ஒரு காலை வேளையில் பூத்த காட்டுப்பூவரசின் கீழ் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் முகத்தில் மகரந்தம் ஒட்ட ஒட்ட வந்து போவதைப் பார்க்கலாம்.

சோலைக்குள் நிறம் பூவில் இல்லை, தளிரில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் எதிர்மலையில் நின்று பார்த்தால் சோலையின் முகடு சிவப்பு, செம்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் கலந்த பச்சை என்று திட்டுத்திட்டாகத் தெரியும். புதியவர்கள் அதைப் பூ என்றே எண்ணுவார்கள். நாவல் இனத்து மரங்கள் இதில் முன்னணி. இளந்தளிரில் பச்சையம் நிறைவதற்கு முன் சிவப்பு நிறமிகள் வந்துவிடுகின்றன. உயரத்தின் கடும் வெயிலிலிருந்தும் தளிர் தின்னும் பூச்சிகளிலிருந்தும் அவை இலையைக் காப்பதாகக் கருதப்படுகிறது. தளிர் வந்தால் பூச்சி வரும். பூச்சி வந்தால் பறவை கூடு கட்டும். சோலையின் முழுக் கணக்கும் இந்த வரிசையில்தான் நடக்கிறது.

இந்த மாதங்களில் மலைவீட்டில் விடியல் காதுக்குத்தான் முதலில் தெரிகிறது. ஓடைப்பக்கம் ஒரு பையன் ராகம் தெரியாமல் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. கருநீல உடம்பு, நெற்றியில் மின்னும் நீலத் தீற்று. தேயிலைத் தோட்டத்து ஓரத்திலிருந்து காட்டுக்கோழிச் சேவல் கரகரத்துக் கூவும். குக்குறுவான் ஒன்று தொடங்கினால் பள்ளத்தாக்கின் மறுகரையில் இன்னொன்று பதில் சொல்லும். பட்ட கிளையில் பொந்து குடைந்து முட்டையிடுகிற பறவை அது. பட்ட மரத்தை விறகுக்கு வெட்டும் வீட்டில் அதன் குரல் குறையும்.

நீலகிரிக்கே உரியவர் என்று சொல்லத்தக்க பாடகர் நீலகிரிச் சிரிப்பான். உலகில் இந்த மலையிலும் இதை ஒட்டிய முகடுகளிலும் தவிர வேறெங்கும் கிடையாது. கண்ணைச் சுற்றிக் கறுப்பும் புருவத்தில் வெள்ளையும் கொண்ட அது, புதருக்குள்ளிருந்து கூட்டமாகக் கொக்கரித்துச் சிரிக்கும். சோலையின் இருட்டில் தரையோடு நடமாடும் சோலைக்கிளி என்ற நீலக் குருவியும் இப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருப்பது ஓர் இனம்; தெற்கே பழனி, ஆனைமலையில் இருப்பது வேறு. முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்ந்த, வெப்பமான இடைவெளியைக் குளிர்ப்பறவைகளால் கடக்க முடியவில்லை. பல இலட்சம் ஆண்டுகள் பிரிந்தே வாழ்ந்ததில் அவை தனித்தனி இனங்களாகிவிட்டன. மரபணுவை ஆராய்ந்து, இந்தச் சிரிப்பான்களும் சோலைக்கிளிகளும் தமக்கென்றே தனிப் பேரினங்களாக வைக்கத்தக்கவை என்று 2017இல் இந்திய ஆய்வாளர்கள் நிறுவினர். வீட்டு வேலியில் சிரிக்கும் பறவைக்கு இவ்வளவு பழைய வரலாறு உண்டு.

சொந்தப் பறவைகள் கூடு கட்டும் அதே நாட்களில் விருந்தாளிகள் மூட்டை கட்டுகின்றன. குளிர்காலம் முழுவதும் ஓடைக்கல்லில் வாலாட்டிக்கொண்டிருந்த சாம்பல் வாலாட்டியும், காஷ்மீர் ஈப்பிடிப்பானும் மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்பிவிடும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் கோடையில் குஞ்சு பொரிப்பது இமயத்தின் வடமேற்கில். குளிர்காலத்தைக் கழிப்பது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கை மலைநாட்டிலும். ஆரஞ்சுத் தொண்டையோடு நேற்றுவரை தோட்டத்து வேலியில் அமர்ந்திருந்தது இன்று இல்லை என்றால் பருவம் மாறிவிட்டது என்று பொருள். வந்த நாளையும் போன நாளையும் சுவர் நாட்காட்டியில் குறித்து வைக்கும் பழக்கம் மலைவாழ்வின் எளிய, செலவில்லாத இன்பங்களில் ஒன்று. பத்து ஆண்டு சேர்ந்தால் அது அறிவியலுக்கும் உதவும்.

புல்வெளியின் உச்சியில் வரையாடுகள் இதற்குள் குட்டி போட்டிருக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு ஜனவரி, பிப்ரவரிதான் பெரும்பாலும் ஈனும் காலம். வழக்கமாக ஒரே குட்டி. பிறந்த சில நாட்களிலேயே அது தாயின் பின்னால் செங்குத்துப் பாறையில் தாவும். கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை ஆண்டுதோறும் இந்தக் காலத்தில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். மிகச் சரியான செயல். மனிதர் நெருங்கினால் தாய் மிரண்டு ஓடும், குட்டி தனித்துவிடும். நீலகிரியில் வரையாட்டின் புகலிடம் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்கா. தமிழக அரசு 2023இல் வரையாட்டுக்கென்றே ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் எண்ணப்பட்டன. ஒரு பெரிய திருமண மண்டபத்தில் கூடும் மனிதர்களின் எண்ணிக்கைதான் இது.

மலைச்சரிவில் கீழே இறங்கினால் இளவேனிலின் குணம் மாறுகிறது. இலவமும் புரசும் தேன் சுரக்கும் நாட்களில் மலைத்தேனீக்கள் செங்குத்துப் பாறைகளின் அடியில் பெரிய ஒற்றை அடைகளாகத் தொங்கும். ஒரே பாறையில் பல கூட்டங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. கொடியில் ஏணி முடைந்து, புகை போட்டு, இருட்டில் பாறையில் இறங்கித் தேன் எடுப்பது குறும்பர் பழங்குடியினரின் பரம்பரைத் திறமை. அதன் காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. கல்லாறு, பர்லியார் பக்கம் ஓடை மணலின் ஈரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் நூற்றுக்கணக்கில் அமர்ந்து உப்பு உறிஞ்சும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூச்சிகள். அதே பர்லியாரில் பலா பழுக்கத் தொடங்கியதும் யானைகள் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையைக் கடந்து தோப்புக்கு வரும். அவை வழிதவறி வருவதில்லை. அந்தப் பாதை சாலைக்கும் முந்தியது.

ஏப்ரலில் ஒரு பிற்பகல் மேகம் இருண்டு, இடி இடித்து, முதல் கோடை மழை விழும். தேயிலை கொழுந்து விடும். அன்று இரவே சோலை ஓரத்தில் புதர்த்தவளைகள் கத்தத் தொடங்கும். கட்டைவிரல் நகம் அளவே உள்ள இந்தத் தவளைகளில் பலவற்றுக்குக் குளமும் தேவையில்லை, தலைப்பிரட்டைப் பருவமும் இல்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, முழுத் தவளையாகவே வெளியே வரும். சமவெளியில் வளர்ந்தவர்கள் நம்ப மறுக்கும் செய்தி இது.

இந்தப் பருவத்தில் கண்ணைக் கவரும் எல்லாமே இந்த மலையைச் சேர்ந்தவை அல்ல. குன்னூர், உதகைச் சாலைகளை ஊதாவாக்கும் ஜகரண்டா தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அது சாலையோரத்தோடு நின்றுகொண்டது, பெரிய கேடில்லை. ஆனால் மஞ்சள் பூவால் மலையை மூடும் சீகை மரம் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, புல்வெளிகளை விழுங்கிவிட்டது. அதே நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப்புதரும் அப்படியே. பூத்த சீகைக் காட்டின் முன் நின்று படம் எடுப்பவர், அங்கே முன்பு இருந்த புல்லும், அதில் தரையில் கூடு கட்டிய நீலகிரி நெட்டைக்காலியும் போன இடம் எது என்று கேட்பதில்லை. உள்ளூர்ப் பூ எது, வந்தேறிப் பூ எது என்று தெரிந்துகொள்வதே மலையை ரசிப்பதன் முதல் பாடமாக இருக்க வேண்டும். தவிட்டுப்பழச் செடியின் இளஞ்சிவப்புப் பூ ஜகரண்டா அளவுக்குக் கண்ணைப் பறிக்காது. ஆனால் அதன் பழத்துக்காகச் செம்மீசைச் சின்னான் முதல் கரடி வரை காத்திருக்கின்றன.

வீட்டு வாசலில் விலங்கு நிற்பது நீலகிரி வாழ்வில் செய்தியே அல்ல. புல் காய்ந்த மார்ச் மாதத்தில் காட்டெருமைகள் தேயிலைத் தோட்டத்துக்கும் குன்னூர், கோத்தகிரி தெருக்களுக்கும் வந்துவிடும். சாதுவாகத் தெரியும் அந்த விலங்கு ஒரு டன்னுக்கு மேலும் எடை போகக்கூடும். கன்றோடு இருக்கும்போது குறுக்கே போனவரை விட்டுவைக்காது. குறைந்தது முப்பது மீட்டராவது விலகி நின்று, போக வழி விட்டால் அது தன்பாட்டில் போய்விடும். கரடி வருவது பெரும்பாலும் குப்பைக்கும் எண்ணெய் வாசத்துக்கும். எச்சில் இலையும் சமையல் கழிவும் மூடிய தொட்டியில் இருந்தால் பாதித் தொல்லை இல்லை. நாயை இரவில் வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் சிறுத்தை வாசலுக்கு வரும் காரணம் ஒன்று குறையும்.

மே மாதம் மலர்க்காட்சிக்காக மலை நிரம்பி வழியும். நெரிசல் தாங்காமல்தான் 2024 மே முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. வருபவர்கள் மலைப்பாதையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கெட் போடாமல் இருந்தாலே அது பெரிய உதவி. கைநீட்டி வாங்கப் பழகிய குரங்கு சக்கரத்தின் அடியில் சாகிறது. காட்டைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மலர்க்காட்சிக் கூட்டத்தைத் தவிர்த்து மார்ச்சில் வரட்டும். விடியற்காலை ஆறு மணிக்கு, ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு சோலையின் ஓரத்தில் அரை மணி நேரம் சும்மா உட்காரட்டும். ஜூன் முதல் வாரத்தில் மேற்கே குந்தா முகடுகளை மூடுபனி மறைத்துவிடும். அதன்பின் அடுத்த மாசி வரை காத்திருக்க வேண்டும்.