பணியிழந்த பேராசிரியர் எங்கே போவார்? நடுவயதில் தெருவுக்கு வரும் தலித் கல்வியாளர்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே காட்சி நடக்கிறது. விடைத்தாள் திருத்தும் பணி முடிந்ததும் சில ஆசிரியர்களை மட்டும் முதல்வரின் அறைக்கு அழைக்கிறார்கள். “சேர்க்கை குறைந்துவிட்டது, நீங்களே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்று சொல்லப்படுகிறது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவர், நாற்பது வயதைக் கடந்து, வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தலைக்கு மேல் இருக்கையில், மறுநாள் காலை வேலையற்றவராக எழுகிறார்.

இது எல்லாச் சாதியினருக்கும் நேர்வதுதானே என்று கேட்கலாம். வேலை பறிபோவது எல்லோருக்கும் நேர்கிறது. ஆனால் அடுத்த வேலைக்கான வழி எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இல்லை. முதல் தலைமுறையில் முனைவர் பட்டம் பெற்ற தலித் ஆசிரியருக்கு அந்த வழி எங்கெங்கே அடைபடுகிறது, எங்கே இன்னும் திறந்திருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வேலை ஏன் பறிபோகிறது?

பொறியியல் கல்லூரிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப எத்தனை ஆசிரியர்கள் இருக்க வேண்டும் என்பதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுக்கிறது. 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 2018-19 கல்வியாண்டில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என அது தளர்த்தியது. 1,200 மாணவர்கள் படிக்கும் கல்லூரிக்கு முன்பு 80 ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். புதிய விகிதத்தில் 60 பேர் போதும். ஒரு மாணவர்கூடக் குறையாமலேயே 20 பேரின் வேலை ‘மிகை’ ஆனது.

இதோடு இயந்திரவியல், கட்டடவியல் துறைகளில் சேர்க்கை சரிந்தது. கணினி அறிவியல் இடங்கள் பெருகின. நன்றாக இயங்கும் கல்லூரிகள் சேர்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பும் 2024-25இல் நீக்கப்பட்டது. பெரிய கல்லூரிகள் மேலும் பெருத்தன. சிற்றூர்களை ஒட்டிய கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியரின் பெயர் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதாக 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஆவணங்களுடன் குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. தாளில் நிற்கும் ஒவ்வொரு போலிப் பெயரும், வெளியே நிற்கும் ஓர் உண்மை ஆசிரியரின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

சட்டம் யாரைக் காக்கிறது?

ஆட்குறைப்பு நடக்கும்போது முன்னறிவிப்பு, இழப்பீடு, கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற வேண்டும் என்ற ஒழுங்கு ஆகியவற்றைத் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்திருந்தது. ஆனால் ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்லர் என்று 1988இல் சுந்தரம்பாள் எதிர் கோவா அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனமும் ஒரு தொழில்தான் என்று 1978இலேயே அதே நீதிமன்றம் கூறியிருந்தது. இதன் விளைவு விசித்திரமானது: அச்சட்டத்தின் பார்வையில் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர் தொழிலாளி, அந்தப் பேருந்தில் வந்திறங்கும் பேராசிரியர் தொழிலாளி அல்லர். பத்திரிகையாளர்களையும் விற்பனை மேம்பாட்டுப் பணியாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பும் ஆசிரியரைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை.

தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1976 ஒரு பாதுகாப்பைத் தருகிறது. ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. நிர்வாகங்கள் ‘பணிநீக்கம்’ என்று எழுதாமல் விலகல் கடிதம் கேட்பதன் காரணம் இதுவே. கடிதத்தில் கையெழுத்திட்டவர், தம்மை யாரும் நீக்கவில்லை என்று தாமே சான்றளித்துவிடுகிறார்.

தனியார் கல்லூரி ஊழியர் நீதிக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது முறையன்று, மாவட்டந்தோறும் கல்வித் தீர்ப்பாயம் வேண்டும் என்று 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தனியார் நிர்வாகங்களின் தன்னாட்சிக்கு ஆதாரமாக அத்தீர்ப்பு ஓயாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே தீர்ப்பில் ஆசிரியருக்காக எழுதப்பட்ட பகுதியை எடுத்துப் பேசுவோர் மிகக் குறைவு.

முதல் கதவு: மற்றொரு தனியார் கல்லூரி

பணியிழந்தவர் முதலில் தட்டுவது இன்னொரு தனியார் கல்லூரியின் கதவைத்தான். அங்கே விளம்பரமும் தேர்வுக் குழுவும் பெயரளவில் இருக்கும்; பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான் வேலை கிடைக்கும். கல்லூரிகளை நடத்தும் அறக்கட்டளைகள் பல, நிலமும் தொழிலும் கைவசமுள்ள சாதிகளைச் சேர்ந்தவை. தாளாளரின் உறவினரையோ ஊர்ப் பெரியவரையோ அறிந்திருப்பது அங்கே எழுதப்படாத தகுதி. தந்தை கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த ஒருவருக்கு அந்தத் தொடர்பு எங்கிருந்து வரும்?

இங்கே இடஒதுக்கீடும் துணைக்கு வராது. 93ஆம் அரசமைப்புத் திருத்தம் சேர்த்த 15(5) பிரிவு, தனியார் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு வழங்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. வேலைவாய்ப்பைப் பற்றிய 16(4) பிரிவோ அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. ஆகவே தலித் மாணவர் உள்ளே நுழையச் சட்டம் வழிசெய்யும் கல்லூரியில், தலித் ஆசிரியர் நுழைய எந்தச் சட்டமும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாடு முழுவதும் உயர்கல்வி ஆசிரியர்களில் அவர்களின் பங்கு, 2020-21ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 9 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

இரண்டாம் கதவு: கௌரவ விரிவுரையாளர்

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் நெடுங்காலம் நிரப்பப்படாமல் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களே வகுப்புகளைத் தாங்கி நிற்கின்றனர். பணியிழந்தவர்களில் பலர் இங்கே வந்து சேர்கின்றனர். ஆண்டுக்கு 11 மாதம் மட்டுமே ஊதியம். ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் வழங்கலாம் என்று 2019 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. தமிழ்நாட்டில் கையில் கிடைத்ததோ பல ஆண்டுகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இந்தக் குறைந்த ஊதியத்துக்குள் இன்னொரு இழப்பு ஒளிந்திருக்கிறது. மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, தற்காலிக அல்லது ஒப்பந்தப் பணிக்காலம் பிற்பாடு நேரடி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கில் சேர வேண்டுமானால், அக்காலத்தில் பெற்ற மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவின்படி நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். அதாவது, அரசு குறைவாகக் கொடுத்தது. குறைவாகப் பெற்றீர்கள் என்பதால் உங்கள் பத்தாண்டுப் பணி அனுபவமே இல்லை என்று விதி சொல்கிறது. சுரண்டப்பட்டவரின் மீதே சுரண்டலின் தண்டனையும் விழுகிறது.

மூன்றாம் கதவு: நிரந்தர அரசுப் பணி

இடஒதுக்கீடு உண்மையாகவே செயல்படும் இடம் இதுதான். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் உண்டு. ஆனால் ஆள்சேர்ப்பு எப்போது நடக்கும் என்பது எவருக்கும் தெரியாது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதற்கான தேர்வும் தள்ளிப்போயிற்று. வசதியுள்ள குடும்பத்தவர் காத்திருக்கலாம். மாதச் சம்பளத்தை நம்பிய குடும்பத்தால் முடியாது.

தகுதி விதிகளும் நடுவழியில் மாறிவிட்டன. எம்.பில். பட்டத்தோடு ஒரு காலத்தில் முறையாகப் பணியில் சேர்ந்தவர்கள் இன்று புதிதாக விண்ணப்பித்தால் தகுதியற்றவர்கள். 2022ஆம் ஆண்டின் விதிமுறைகள் எம்.பில். படிப்பையே நிறுத்திவிட்டன. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்வே குறைந்தபட்சத் தகுதி. தமிழ்நாட்டில் 2018க்குப் பின் செட் தேர்வு பல ஆண்டுகள் நடத்தப்படவே இல்லை. 2025இல்தான் மீண்டும் நடந்தது. பணியில் இருந்தவரை யாரும் கேட்காத சான்றை, வேலை போன மறுநாள் எல்லோரும் கேட்கின்றனர்.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் கதவு ஒருமுறை சாத்தப்பட்டுப் போராட்டத்தால் திறக்கப்பட்டது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் முழுவதையும் அன்றி ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொண்டு இடஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் மானியக் குழு அதை ஆணையாக்கியது. இந்த 13 புள்ளிச் சுழற்சி முறையில் ஒரு துறையின் 7ஆவது பணியிடமே பட்டியல் சாதியினருக்கும், 14ஆவது பணியிடமே பழங்குடியினருக்கும் வரும். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள துறையில் அந்த எண் வருவதே இல்லை. 2019 மார்ச் 5 அன்று நடந்த நாடு தழுவிய பந்த்துக்குப் பின்னரே அவசரச் சட்டமும், ஜூலையில் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. நிறுவனம் முழுவதும் மீண்டும் ஒரே அலகாயிற்று. எனினும், ஒதுக்கப்பட்ட இடத்துக்கு நேர்காணல் நடத்தி ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று எழுதிக் காலியாக விடும் வழக்கம் இன்னும் ஓயவில்லை.

கல்லூரிக்கு வெளியே

பள்ளிக்குப் போகலாமே என்பார்கள். முனைவர் பட்டம் பெற்றவரும் பி.எட். இல்லாமல் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக முடியாது. தொழில் நிறுவனங்களோ, வகுப்பறையில் கழித்த பதினைந்து ஆண்டுகளை அனுபவமாக எண்ணுவதில்லை. பயிற்சி நிறுவனங்கள், இணையவழிப் பாடம், பாடநூல் மொழிபெயர்ப்பு, ஆய்வுத் திட்டப் பணி ஆகியவை கைகொடுக்கின்றன. ஆனால் அவை நிலையான வருமானம் தருபவை அல்ல.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்குத் தாட்கோ வழியாகவும், மூலதனத்தில் 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் வணிகச் சாதனையாளர் திட்டத்தின் வழியாகவும் உதவி உண்டு. மூலதனம் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. 1917இல் பரோடாவில் தங்க இடமின்றிப் பணியைவிட்டு வெளியேறிய அம்பேத்கர், பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டனர். 1918இல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோதும், பொதுப் பானையில் அவர் தண்ணீர் அருந்துவதை உடன் பணியாற்றியோர் எதிர்த்தனர். கொலம்பியாவில் படித்துத் திரும்பியவருக்கும் சந்தை சாதியைக் கேட்டது.

பணியிழந்தவர் உடனே செய்ய வேண்டியவை

ஒன்று: அழுத்தத்துக்கு உட்பட்டு விலகல் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். நீக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு: அசல் சான்றிதழ்களைத் திரும்பக் கேளுங்கள். சான்றிதழ் அடகுப் பொருள் அன்று என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் வெவ்வேறு வழக்குகளில் தெளிவுபடுத்தியுள்ளது.

மூன்று: பணிக்கொடையை விட்டுவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் திருத்தம் ஆசிரியர்களையும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அது செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கடைசி மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் பெற்றவருக்குப் பத்தாண்டுப் பணிக்கு 1,50,000 ரூபாய் வர வேண்டும். கல்லூரி தர மறுத்தால் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம்.

நான்கு: நியமன ஆணை, ஊதியச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, அனுபவச் சான்று ஆகியவற்றைப் பணியில் இருக்கும்போதே படியெடுத்து வையுங்கள்.

ஐந்து: நெட் தேர்வை உதவிப் பேராசிரியர் தகுதிக்காக எழுத வயது வரம்பு இல்லை. வேலை இருக்கும்போதே எழுதிவிடுங்கள். பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வில் இருப்போர், வேலை போனவுடன் பதிவு நிலையை மாற்றுவது பற்றிப் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும்.

கேட்க வேண்டியவை

தனிமனித விழிப்புணர்வு ஒருவரின் சேதத்தைக் குறைக்கலாம்; கதவுகளைத் திறக்காது. மாவட்டந்தோறும் கல்வித் தீர்ப்பாயம் அமைய வேண்டும். தனியார் கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்கும் இடஒதுக்கீடு வேண்டும். குறைந்த ஊதியத்தைக் காட்டிப் பணி அனுபவத்தை அழிக்கும் விதி நீக்கப்பட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் எத்தனை ஆசிரியரை நியமித்தது, எத்தனை பேரை வெளியேற்றியது என்பதைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும். இந்தக் கணக்கு இல்லாதவரை, ‘சேர்க்கை குறைந்துவிட்டது’ என்ற ஒரே வாக்கியம் எல்லாப் பாகுபாட்டையும் மூடி மறைத்துக்கொண்டே இருக்கும்.

இன்று முதுகலை வகுப்பில் அமர்ந்திருக்கும் தலித் மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தங்களில் ஒருவரை முதன்முதலாக அவர்கள் மேடையில் கண்டது அந்த ஆசிரியரின் வடிவில்தான். அடுத்த ஜூனில் கல்லூரி திறக்கும்போது அவர் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் அவர்களே.