ரத்தம் பத்தலையா, எழுத்துப் பிழையா?



"பிள்ளை வெளுத்துப் போயிருக்கான், ரத்தம் பத்தலை." இந்த வார்த்தையை நம் லயங்களில் கேட்காதவர் இருக்கமாட்டார்கள். கேட்டதும் முருங்கைக் கீரையும் ஈரலும் இரும்பு மாத்திரையும் ஞாபகத்துக்கு வரும். நல்லதுதான். இரும்புச் சத்துக் குறைந்தும், கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சியும் வருகிற சோகைதான் அதிகம். அதற்குச் சத்துள்ள சாப்பாடும் மாத்திரையும் பூச்சி மருந்தும் வேண்டும்.

ஆனால் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஊறுவதில்லை. உடனே என்ன செய்கிறோம்? "சத்தான சோறு போடத் தெரியலை" என்று தாயைக் குறை சொல்கிறோம். "கண்ணு பட்டுடுச்சு" என்று மந்திரிக்கப் போகிறோம். இரண்டும் காரணமல்ல. ரத்தம் செய்யச் சொல்லி உடம்புக்குள் எழுதியிருக்கும் கட்டளையிலேயே ஓர் எழுத்துப் பிழை இருக்கலாம். அது என்ன கட்டளை? எங்கே எழுதியிருக்கிறது? பிழை எப்படி வருகிறது? இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

சிவப்புக்குக் காரணம்

நம் ரத்தத்தைச் சிவப்பாக்குவது ஹீமோகுளோபின் என்னும் புரதம். நுரையீரலில் பிராண வாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பெல்லாம் கொண்டுபோய் இறக்குவது இதன் வேலை. ஒரே ஒரு சிவப்பு அணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின்கள் இருக்கின்றன. சிவப்பு அணுவுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாள்தான். ஆகவே எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ஓய்வில்லாமல், விநாடிக்குச் சுமார் 20 லட்சம் புது அணுக்களைச் செய்து அனுப்புகிறது.

ஹீமோகுளோபின் நான்கு மணிமாலைகள் சேர்ந்தது. இரண்டு மாலைக்குப் பெயர் ஆல்ஃபா, இரண்டுக்குப் பெயர் பீட்டா. பீட்டா மாலையில் 146 மணிகள். மணி என்று நாம் சொல்வதை விஞ்ஞானிகள் அமினோ அமிலம் என்பார்கள். மணிகளில் 20 வகை உண்டு. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்ற வரிசை தவறினால் மாலை கெட்டது.

ஆபீஸும் ஆலையும்

தோட்டத்து ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரிய கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆலையில் ஒரு சாமான் செய்ய வேண்டுமானால் கிராணி அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் பார்த்து எழுதி அனுப்புவார். ஆலையில் உள்ளவர்கள் சீட்டைப் படித்துச் சாமானைச் செய்வார்கள்.

நம் உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான். நடுவில் உள்ள கரு என்பது ஆபீஸ். அதிலுள்ள பெரிய புத்தகம் டி.என்.ஏ. அதை நூல்போல் நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். கண்ணுக்கே தெரியாத அணுவுக்குள் அவ்வளவும் சுருண்டு கிடக்கிறது. இந்தப் புத்தகத்தில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டு 300 கோடி எழுத்துகளுக்கு எழுதியிருக்கிறது. இப்படி இரண்டு பிரதிகள் நம்மிடம் உண்டு. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது.

பீட்டா மாலை வேண்டுமென்றால், அதற்குரிய பக்கத்தைப் பார்த்து ஒரு சீட்டு எழுதப்படுகிறது. அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. இதில் டி என்ற எழுத்துக்குப் பதிலாக யூ என்ற எழுத்து வரும். எழுதிய சீட்டில் தேவையில்லாத வரிகளும் இருக்கும். பீட்டா சீட்டில் அப்படி இரண்டு இடம் உண்டு. அவற்றைக் கத்தரித்து எறிந்து, மீதித் துண்டுகளை ஒட்டிய பிறகே சீட்டு ஆபீஸை விட்டு வெளியே வருகிறது. இந்தக் கத்தரிப்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சீட்டு போய்ச் சேரும் ஆலைக்குப் பெயர் ரைபோசோம். அது சீட்டை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. மூன்றெழுத்துக்கு ஒரு மணி. மணியைச் சுமந்து வருவதற்கு வேறொரு வகை ஆர்.என்.ஏ. இருக்கிறது. பெரட்டில் பேர் கூப்பிட்டால் அந்தந்த ஆள் வந்து நிற்பதுபோல, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய ஆள் தன் மணியோடு வந்து நிற்கும். ஆலை மணியைக் கோத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடும். விநாடிக்கு ஐந்தாறு மணி வீதம் கோத்தால், அரை நிமிஷத்தில் ஒரு பீட்டா மாலை தயார். "போதும், நிறுத்து" என்பதற்கும் மூன்றெழுத்துக் குறிகள் இருக்கின்றன.

சிவப்பு அணுவிடம் இன்னும் ஒரு வேடிக்கை. வேலைக்குக் கிளம்புமுன் அது தன் ஆபீஸையே வெளியே தள்ளிவிடுகிறது! கையிலிருக்கும் சீட்டுகளை வைத்துக்கொண்டே இன்னும் ஓரிரு நாள் ஹீமோகுளோபின் செய்து முடிக்கிறது. புத்தகம் போனாலும் சீட்டு இருந்தால் வேலை நடக்கும்.

இதையெல்லாம் கண்டுபிடித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. எந்த மூன்றெழுத்துக்கு எந்த மணி என்று விளங்கச் செய்ததற்காக, பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1968-இல் இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். ரைபோசோம் ஆலை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று காட்டியதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் 1952-இல் பிறந்தது நம் சிதம்பரத்தில்.

ஓர் எழுத்து மாறினால்

"மருந்து கொடு" என்று எழுத வேண்டிய இடத்தில் "விருந்து கொடு" என்று எழுதினால் என்ன ஆகும்? மாறியது ஓர் எழுத்துதான், காரியம் வேறாகிவிடும்.

பீட்டா மாலையின் ஆறாவது மணிக்குப் புத்தகத்தில் ஜி, ஏ, ஜி என்று இருக்க வேண்டும். சிலருக்கு அது ஜி, டி, ஜி என்று இருக்கிறது. ஆலை என்ன செய்யும்? சீட்டில் உள்ளபடி வேறு மணியைக் கோத்துவிடும். இரண்டு பிரதியிலும் இந்தப் பிழை இருந்தால், சிவப்பு அணு கதிர் அரிவாள்போல் வளைந்து, சிறு ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். தாங்க முடியாத வலியும் சோகையும் வரும். அரிவாள் அணுச் சோகை என்பது இதுதான். இந்தப் பிழையை நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952-இல் கண்டார்கள். மலேசியாவில் வாழும் இந்தியர் சிலரிடமும் இது கண்டறியப்பட்டிருக்கிறது.

இன்னொன்று தலசீமியா. இந்திய வம்சத்தாரிடம் அதிகமாகக் காணப்படும் பீட்டா தலசீமியாப் பிழை எங்கே இருக்கிறது தெரியுமா? கத்தரித்து எறிய வேண்டிய அந்த வரியில்! முதல் வரியின் ஐந்தாவது எழுத்து ஜி என்பதற்குப் பதில் சி என்று இருக்கிறது. எறியப்போகிற வரிதானே என்று விட முடியாது. கத்தரிக்கோலுக்கு இடம் காட்டுவதே அந்த எழுத்துதான். அது மாறினால் தப்பான இடத்தில் வெட்டு விழுகிறது. சீட்டு கெடுகிறது, பீட்டா மாலை சரியாகக் கிடைப்பதில்லை. இரும்பு நிறைய இருந்தும் ஹீமோகுளோபின் செய்ய ஆள் போதாது. கீரையும் மாத்திரையும் இதை எப்படித் திருத்தும்?

யார் மேலும் பழி இல்லை

ஒரு பிரதியில் பிழை, இன்னொரு பிரதி சரி என்றால் அவர் பிழையைச் சுமப்பவர், அவ்வளவுதான். அவர் நோயாளி அல்ல. பால் வெட்டலாம், செம்பனைக் குலை அறுக்கலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். இப்படிச் சுமப்பவர்களை மலேரியா அவ்வளவு கடுமையாகத் தாக்குவதில்லை. மலேரியா பரவிய நாடுகளில் இந்தப் பிழைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டதற்கு அதுவே காரணம்.

கணவன், மனைவி இருவருமே பீட்டா தலசீமியாவைச் சுமப்பவர்களாக இருந்தால்தான் கவலை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழையாகப் போய்விடலாம். முதல் பிள்ளை நோயோடு பிறந்தது, அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதான். பிழையில் பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது. மருமகளை மட்டும் ஏசுவது நியாயமா?

சொந்தத்தில் பெண் எடுப்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவதை, இந்துக்களின் வழக்கம் என்று 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நம் நாட்டில் அனுமதிக்கிறது. ஆனால் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பிழை இருவருக்கும் வந்திருக்க வாய்ப்பு கூடுதல். சட்டம் தடுக்காததை ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

செய்ய வேண்டியவை

தோட்டத்தில் இருந்தாலும் சரி, தோட்டத்தை விட்டுப் பிறை, பட்டர்வொர்த் பக்கம் தாமான்களில் குடியேறியிருந்தாலும் சரி, இவற்றைச் செய்யுங்கள்.

1. ஜாதகம் பார்க்குமுன் ரத்தம் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் "தலசீமியா சோதனை செய்யணும்" என்று கேளுங்கள். கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பதோடு சரி.

2. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியில் இந்தச் சோதனை நடக்கிறது. பாரம் வந்தால் பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். முடிவை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

3. சோகை என்று தெரிந்தால் என்ன சோகை என்று கேளுங்கள். நீங்களாகவே வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். தலசீமியா நோயாளியின் உடம்பில் இரும்பு தேங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். கர்ப்பிணிகளோ, டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

4. கணவன், மனைவி இருவரும் சுமப்பவர்கள் என்றால், கர்ப்பம் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் போய்ப் பேசுங்கள். கர்ப்பமான பிறகு தெரிந்தால், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

5. கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தோடு சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் தினமும் வேண்டும். மருந்தை விடாமல் கொடுத்தால் அந்தப் பிள்ளை படிக்கும், வளரும், வேலைக்கும் போகும். அதற்கு ஏற்றுகிற ரத்தம் யாரோ ஒருவர் தானம் செய்தது. உடம்பு நன்றாக இருக்கும் தோழர்கள் ரத்த தான முகாமுக்குப் போக வேண்டும்.

சம்பளச் சீட்டில் ஓர் எண் மாறியிருந்தால் நாம் சும்மா இருப்பதில்லை. ஆபீஸில் கேட்டு, சரிபார்த்த பிறகுதான் விடுகிறோம். நம் பிள்ளைகளின் ரத்தக் கணக்கையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இந்த வாரமே கிளினிக்கில் கேளுங்கள்.