‘ஹாவ்’ என்னும் துணைவினை

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பெரிதும் இடறும் இடம் ஒன்றுண்டு. “ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்ரடே” என எழுதுவர். ஆசிரியர் ‘ஹாவ் சீன்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துச் ‘சோ’ எனத் திருத்துவர். அடித்ததற்குக் காரணம் யாது என்பது மட்டும் பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை.

இப்பிழை அறியாமையாற் பிறப்பதன்று, தமிழறிவாற் பிறப்பது. காலையில் முற்றம் நனைந்து கிடக்கக் காண்பவர், “இரவு மழை பெய்திருக்கிறது” என்கிறார். ‘இரவு’ என்னும் சென்ற காலப் பெயரும், ‘இருக்கிறது’ என்னும் நிகழ்கால முடிபும் நம் மொழியில் ஒருங்கே இசைகின்றன. ஆங்கிலத்தில் அவை இசையா. நிகழ்ந்த காலத்தைச் சுட்டிவிடின் வெறும் இறந்தகால வினையே அங்கு வரும்.

இதன் காரணத்தைச் சொல்லின் வரலாறு உணர்த்தும். ‘ஹாவ்’ உடைமைப் பொருள் தரும் வினை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில், ‘மீனைப் பிடிபட்ட நிலையில் உடையேன்’ என்னும் பாங்கில் இவ்வமைப்பு வழங்கியது. அதுவே பின்னர் ‘பிடித்திருக்கிறேன்’ என்னும் பொருளை எய்திற்று. ஆதலின் இவ்வினை, ‘எப்பொழுது நிகழ்ந்தது?’ என்று வினவுவதில்லை. ‘இன்று கையில் இருப்பது யாது?’ என்றே வினவுகின்றது. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் இதனையொத்த அமைப்பு ‘நேற்று’ என்பதனோடும் கூடிவரும். ஆங்கிலமோ தன் எல்லையை விட்டுக்கொடுக்கவில்லை.

“ஹி ஹாஸ் லிவ்ட் ஹியர் போர் ரென் இயேர்ஸ்” எனின், அவர் இன்றும் இங்கு வாழ்கிறார். ‘ஹாஸ்’ நீங்கின், அவர் வேறிடம் பெயர்ந்தார், அன்றி உலகையே நீத்தார் என்று கொள்ளக் கிடக்கும். ஒரு சிறு சொல்லில் ஒருவரின் இருப்பே அடங்கியுள்ளது.

மொழியியலார் எடுத்தாளும் உதாரணம் ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. 1921 இல் பிரின்ஸ்டன் சென்று சொற்பொழிவாற்றிய ஐன்ஸ்டைன், 1955 இல் மறைந்தார். இன்று அவரை எழுவாயாக்கி, ‘பிரின்ஸ்டனுக்கு வந்திருக்கிறார்’ என்னும் பொருளில் ‘ஹாஸ்’ சேர்த்துரைப்பின் ஆங்கிலேயர் செவிக்கு ஒவ்வாது. அந்நகரையே எழுவாயாக்கிச் செயப்பாட்டுவினையிற் கூறின் பொருந்தும். அறிஞர் இலர், நகர் உளது.

இவ்விதியை நான் நன்குணர்ந்தது ஒரு மாணவனாலேயாம். தந்தையை இழந்த அவன், ‘என் தந்தை எனக்குப் பலவற்றைக் கற்பித்திருக்கிறார்’ என்னும் கருத்தை ‘ஹாஸ்’ சேர்த்து எழுதியிருந்தான். வழக்கம்போல் நான் அதனை அடித்தேன். “ஐயா, அவர் கற்பித்தவை இன்றும் என்னிடம் இருக்கின்றனவே?” என்றான் அவன்.

விடை கூற எனக்குச் சிறிது நேரம் சென்றது. பின்னர், “வாக்கியத்தை உன்னிலிருந்து தொடங்கு, ‘ஐ ஹாவ் லேர்ன்ட்’ என எழுது” என்றேன். தந்தையிடமிருந்து நான் பலவற்றைக் கற்றிருக்கிறேன் என்பது அதன் பொருள். கற்றவன் உயிரோடிருக்கிறான், ஆதலின் இலக்கணம் தடை சொல்லவில்லை. அவன் எழுதினான்.

சிவப்பு மையைத் தொடுமுன், மாணவன் சொல்லக் கருதியது யாதெனக் கேட்டறிதல் ஆசிரியர்க்குக் கடனாம். விதியைக் காட்டுதல் எளிது. அவ்விதிக்குள் அவன் கருத்துக்கும் இடமுண்டெனக் காட்டுதலே கற்பித்தல்.