காகம் செய்த தவறும் நாம் செய்த தவறும்

தலையில் குட்டு வாங்காமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வது எப்படி என்னும் பிரச்னை, நாம் மாணாக்கராக இருந்த காலத்தில்கூட நம்மை இவ்வளவு வாட்டியதில்லை. உபாத்தியாயராகி இருபது வருஷம் கழிந்த பிறகு, சென்ற ஆனி மாதத்தில்தான் அது நமக்கு ஏற்பட்டது. குட்டியவர் தலைமை ஆசிரியர் அல்ல. நமது வீட்டு வாசல் வேப்பமரத்தில் குடியிருக்கும் ஒரு காகம்.

நடந்தது இதுதான். ஒரு நாள் மாலை, காகக் குஞ்சு ஒன்று கூட்டிலிருந்து தவறி வாசலில் விழுந்தது. திண்ணையோரத்தில் ஒரு பூனை உட்கார்ந்து அதை வெகு சிரத்தையுடன் பார்த்துக்கொண்டிருந்தது. நாம் இரக்கம் மேலிட்டுப் பூனையை விரட்டினோம். குஞ்சை எடுத்து ஒரு பழைய கூடையில் வைத்து, மரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டிவிட்டோம். இந்தப் புண்ணிய காரியத்தைத் தாய்க் காகம் எப்படி அர்த்தம் செய்துகொண்டது என்பது அரை நிமிஷத்தில் விளங்கிற்று. நமது உச்சந்தலையில் ‘டொக்’ என்று ஒரு குட்டு! தின்ன வந்த பூனைக்கு ஒன்றும் இல்லை. காப்பாற்ற வந்தவருக்குக் குட்டு.

மறுநாள் முதல் இது தினசரி நிகழ்ச்சியாயிற்று. அங்கவஸ்திரத்தால் முக்காடு போட்டுக்கொண்டு புறப்பட்டோம். எதிர்வீட்டுப் பெரியவர், “வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கவலையுடன் விசாரித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனோம். காகம் நம்மை அடையாளம் கண்டுகொண்டது. நாம்தான் எதிரே வந்த தலைமை ஆசிரியரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் குடையே கதி என்றாயிற்று.

இதில் நமது மனத்தைப் புண்படுத்திய விஷயம் வேறொன்று. அதே காகம் மத்தியான வேளையில், வீட்டு அம்மாள் மதில்மேல் சாதம் வைத்துக் ‘கா, கா’ என்று அழைத்ததும், பரம சாதுவாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். “உங்களிடம் மட்டும் அதற்கு ஏன் இவ்வளவு கோபம்? சற்று யோசித்துப் பாருங்கள்” என்றாள் அவள். குற்றம் காகத்தினுடையது அல்ல என்பது அவளுடைய அபிப்பிராயம்.

காகம் முகத்தை மறப்பதில்லை என்பது வெறும் பேச்சு அல்ல. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஜான் மார்ஸ்லஃப் என்னும் பேராசிரியர் 2006-ஆம் வருஷத்தில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார். குகை மனிதனைப் போன்ற முகமூடி ஒன்றை அணிந்துகொண்டு சில காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடியுடன் யார் அந்தப் பக்கம் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தித் தீர்த்தன. பிடிபடாத காகங்களும் அந்தக் கூச்சலில் சேர்ந்துகொண்டன. வருஷங்கள் கழிந்தும் பகை ஆறவில்லை. அது அமெரிக்கக் காகம். நமது வேப்பமரத்துக் காகம் வேறு இனம். ஆயினும் நமது உச்சந்தலை அளிக்கும் சாட்சியத்தின்படி, இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

ஐந்தாம் நாள் ரத்தம் வந்துவிட்டது. தேங்காய் பறிக்க வரும் ஆளைக் கூப்பிட்டு, “ஞாயிற்றுக்கிழமை காலையில் மரம் ஏறிக் கூட்டைக் கலைத்துவிடு” என்று சொல்லி, முன்பணமும் கொடுத்தோம்.

சனிக்கிழமை மாலை மொட்டை மாடியிலிருந்து நமது பெண் கூவினாள். “அப்பா, சீக்கிரம் வாருங்கள்! இந்தக் காக்கைக் குஞ்சுக்கு உடம்பெல்லாம் புள்ளி!”

ஓடிப் போய்ப் பார்த்தோம். சுள்ளிகளும் கம்பித் துண்டுகளுமாகக் கட்டிய கூட்டில் ஒரே ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. கரிய உடலில் வெளிறிய புள்ளிகள். வாயை அகலத் திறந்து, அதிகாரத்துடன் தீனி கேட்டுக்கொண்டிருந்தது. காகம் அதற்கு ஊட்டிவிட்டு, பிறகு கூடையிலிருந்த தன் குஞ்சுக்கும் ஊட்டிற்று. சந்தேகமில்லை, கூட்டில் இருந்தது குயில்!

“இதுதான் அந்தக் குஞ்சைக் கீழே தள்ளிவிட்டதா, அப்பா?” என்று பெண் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஐரோப்பாவில் உள்ள குயில் அப்படிச் செய்வதுண்டு. பொரிந்து ஓரிரு நாளுக்குள், இன்னும் கண் திறவாத அந்தக் குஞ்சு, கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை முதுகில் ஏந்தி வெளியே உருட்டிவிடும். இதை ஆராய்ந்து 1788-ல் எழுதியவர் எட்வர்டு ஜென்னர். பின்னால் அம்மை குத்தும் முறையினால் உலகப் புகழ் பெற்ற அதே ஜென்னர்தான். நம் நாட்டுக் குயில் அவ்வளவு பொல்லாதது அல்ல. அதன் முட்டை காக முட்டைக்குச் சுமார் மூன்று நாள் முன்னதாகப் பொரிந்துவிடும். முந்தியவனுக்குத் தீனியில் பெரும் பங்கு கிடைக்கும். என்றாலும், காகக் குஞ்சும் குயில் குஞ்சும் ஒரே கூட்டில் வளர்ந்து பறப்பதும் உண்டு.

ஊரார் பிள்ளைக்கும் சேர்த்து இரை தேடி அலையும் ஒரு தாயின் வீட்டை இடிக்க நமக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். முன்பணம் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் இந்தக் கதையைப் பெருமையுடன் சொல்லி, “அந்தக் குஞ்சு வளர்ந்து, தன் தாயைப் போலவே இனிமையாகக் கூவப் போகிறது” என்று முடித்தோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். கணக்கில் எப்போதும் பின்தங்கியவன். மாந்தோப்புக் காவற்காரருடைய மகன்.

“ஸார், தாய்க்குயில் அப்படிக் கூவாது. கறுப்பாய், கண் சிவப்பாய் இருப்பதுதான் கூவும். அது ஆண். பெட்டை பழுப்பாய்ப் புள்ளி போட்டிருக்கும். ‘கிக், கிக்’ என்றுதான் கத்தும்.”

வகுப்பு சிரித்தது. “உட்கார்!” என்று அதட்டினோம்.

அன்று மாலை மனம் கேட்கவில்லை. ஸலீம் அலி 1941-ல் வெளியிட்ட இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை எடுத்துப் புரட்டினோம். பையன் சொன்னதே சரி. ஆண் குயில் காகத்தை ஏமாற்றித் தன்னைத் துரத்தும்படி செய்ய, அந்தச் சமயம் பார்த்துப் பெட்டை கூட்டில் புகுந்து முட்டையிடுவதும் உண்டு. நாமோ இருபது வருஷமாகப் பெண்ணின் குரலுக்குக் குயிலின் குரலை உவமை சொல்லி, அதன் பொருத்தத்தையும் வியந்து, வியக்காத பையன்களுக்கு மார்க்கும் குறைத்து வந்திருக்கிறோம்!

மறுநாள் அந்தப் பையனை முன்னே வரும்படி அழைத்தோம். தண்டனைதான் என்று எண்ணித் தயங்கித் தயங்கி வந்தான். சாக்குக் கட்டியை அவன் கையில் கொடுத்து, ஆண் குயிலுக்கும் பெண் குயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் எழுதச் சொன்னோம். எழுதினான். எழுத்துப் பிழை மூன்று; பொருட்பிழை ஒன்றுமில்லை. அதன் கீழே, ‘நேற்று ஆசிரியர் சொன்னது தவறு’ என்னும் வரியை நாமே எழுதினோம். இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

ஆனி கழிவதற்குள் கூடைக் குஞ்சு பறந்துவிட்டது. புள்ளிக் குஞ்சும் போய்விட்டது. ஆக மொத்தம் தவறுகள் மூன்று. நமது தவறு திருத்தப்பட்டுவிட்டது. குயிலைத் தன் பிள்ளையென்று காகம் நினைப்பதைத் திருத்தினால் குயில் வமிசமே நசித்துப் போகும். அது அப்படியே இருக்கட்டும். நம்மைத் திருடனென்று அது நினைக்கிறதே, அதைத் திருத்தும் உபாயம் நேயர்களில் யாருக்கேனும் தெரிந்தால் தயைசெய்து தெரிவிக்கவும். அதுவரையில் மழை இல்லாவிட்டாலும் குடையோடுதான் போய்வருகிறோம்.